வியாழக்கிழமையும் ஓடுகிறது

இன்னும் ஓடுகிறது. இப்போதுதான் உள்ளே போய் இவர் கையில் கட்டியிருக்கும் வாட்ச்சைக் குனிந்து பார்த்துவிட்டு வந்து மறுபடியும் புறவாசலில் நெத்திலிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் அது நின்றிருக்க வேண்டும். பேட்டரி கிடையாது, கை அசைந்தால் ஓடும், அசையாமல் வைத்தால் ஒன்றரை நாள் தாக்குப்பிடிக்கும் என்று கடைக்காரன் சொன்னானாம். வாங்கி வந்த புதிதில் இவர் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். திங்கட்கிழமை காலைக்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை. பக்கவாதம் வந்து இவருடைய இடது கை நாலு மாதமாக அசையவில்லை. அப்படியானால் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அது எப்படி ஓடும்? நெத்திலித் தலையை நகத்தால் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும், கத்தி வேண்டாம், அரிவாள்மனை வேண்டாம், ஆனால் இன்றைக்கு ஒவ்வொன்றைக் கிள்ளும்போதும் அந்த வாட்ச்தான் கண்ணுக்குள் வந்து நிற்கிறது. மீனுக்காவது மேலே தோல் இருக்கிறது. குடலை நான் கிள்ளின பிறகுதான் பார்க்கிறேன். அந்தச் சனியனுக்குத் தோலே இல்லை. பதினோரு மணிக்கு பெனிட்டா வந்துவிடும், கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண். அதற்குள் நிற்க வேண்டும். நின்றதை இவர் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் கையை அந்தப் பெண்ணிடம் கொடுப்பார்.

பார்த்த முதல் நாளே அந்த வாட்ச் எனக்குப் பிடிக்கவில்லை. மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் வாங்கி வந்தார். பெரிய விலை ஒன்றும் இல்லை, ஆனால் பெரிய இடத்து ஆள் கட்டுகிற மாதிரி இருக்கும் என்று கையை முகத்துக்கு நேராக நீட்டினார். பார்த்தால் முகமே இல்லாத வாட்ச். ஒன்று, இரண்டு என்று எண் இல்லை. முள் எது, உள்ளே சுற்றுகிற சக்கரம் எது என்று தெரியவில்லை. முன்னால் கண்ணாடி, பின்னாலும் கண்ணாடி, நடுவில் பல் பல்லாகச் சக்கரங்கள், அங்கங்கே மூட்டைப்பூச்சி ஒட்டின மாதிரி சிவப்புக் கல், கீழே ஒரு சின்னச் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடிக்கிறது, பல்லியின் தொண்டை துடிக்குமே அப்படி. திருப்பினால் பின்பக்கம் பாதி வட்டமாக ஒரு தகடு, கையை ஆட்டினால் கிர்ரென்று சுற்றும். நான் ஐந்தாவதோடு நின்றவள். மணி பார்க்க வாத்தியார் சொல்லிக் கொடுத்த அன்று பள்ளிக்கூடம் போகவில்லை, கல்யாணத்துக்குப் பிறகு இவர்தான் சுவர்க் கடிகாரத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார், பெரிய முள், சின்ன முள் என்று. அப்படிச் சொல்லிக் கொடுத்த மனுஷனே எனக்கு மணி தெரியாத ஒரு வாட்ச்சைக் கட்டிக்கொண்டு நின்றார். “இதுல எப்படிங்க மணி பாக்க?” என்றேன். “மணி பாக்கவா புள்ள வாட்ச் கட்டுதோம்?” என்றார். இவர் தவசிலிங்கம் என்றால் சாத்தூரில் பாதிப் பேருக்குத் தெரியாது, பைபாஸ் கடை புரோட்டா மாஸ்டர் என்றால் எல்லாருக்கும் தெரியும். கல்லுக்கு முன்னால் நின்று மாவை வீசும்போது இரண்டு கையும் தலைக்கு மேல் போய் வரும். வாட்ச்சைக் கழற்றி வைக்கச் சொன்னால் கேட்க மாட்டார், முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொள்வார். “மாஸ்டர், ஒங்க வாட்ச்சு கொடலு சரிஞ்சு வெளிய கெடக்கு, அள்ளி உள்ள போடுங்க” என்று சாப்பிட வருகிறவர்கள் கேலி பேசுவார்களாம். “வயிறு நெறய எண்ணெ குடிச்சிருக்கு அது, என்னைய விட நல்லா இருக்கு” என்பாராம். உண்மைதான். வாரில் எண்ணெய், வாருக்கும் வாட்ச்சுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் காய்ந்த மைதா, அதில் சால்னா வாசம். வாரத்துக்கு ஒரு தரம் ஊசியால் நோண்டிச் சுத்தம் பண்ணுவேன். நகத்து அழுக்கு மாதிரி உருண்டு வரும். கை கழுவினாலும் அன்று முழுக்கச் சோறு இறங்காது.

இப்போது அதுவும் இல்லை. எண்ணெய் போய், மைதா போய், வேறு வாடை வந்திருக்கிறது. படுத்தே கிடக்கிற உடம்பின் வாடை, ஈரம் காயாத துணியின் வாடை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, அங்கே ஒரு உறையில் போட்டுக் கொடுத்திருந்த வாட்ச்சை எடுத்து, கட்டிவிடு என்று இவர் வலது கையால் ஜாடை காட்டினார். வலது கையில் கட்டப் போனேன். தலையை ஆட்டினார். செத்த கையிலேயே கட்டச் சொன்னார். கட்டினேன். நின்றுபோயிருந்தது. இருபது நாள் உறைக்குள் கிடந்தால் நிற்காமல் என்ன செய்யும்? அதைப் பார்த்து அழுதார் பாருங்கள், அந்த அழுகையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். முகத்தில் ஒரு பாதி அழுகிறது, மறு பாதி யார் வீட்டு எழவோ என்று சும்மா இருக்கிறது. வாயோரம் எச்சில் இறங்கித் தலையணைக்குள் போகிறது. பாவம் என்று நினைக்க வேண்டியவள் நான். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இந்த முகத்தை நாளைக்கும் பார்க்க முடியாது என்று இருந்தது. அதனால்தான் செய்தேன், பாசத்தால் இல்லை, யாரும் அப்படி நினைத்துவிட வேண்டாம். மறுநாள் விடியும்போது இவர் தூங்கிக்கொண்டிருந்தார், மெதுவாகக் கழற்றி என் கையில் கட்டிக்கொண்டு வாசல் பெருக்கினேன், அடிபம்பில் ஆறு குடம் தண்ணீர் அடித்தேன், அம்மியில் அரைத்தேன். கிர் கிர்ரென்று அது என் மணிக்கட்டில் சுற்றுவதை எலும்பில் உணர முடிந்தது, உயிரோடு ஒரு வண்டைக் கட்டிவைத்த மாதிரி. முழிப்பதற்கு முன்னால் திரும்பக் கட்டிவிட்டேன். கண் விழித்துப் பார்த்தவர், அந்தப் பாதி முகத்தால் சிரித்தார். “கை அசையுது புள்ள. தூக்கத்துல அசையுது. பாரு, ஓடுது” என்றார். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். “ஆமாங்க” என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு ஆமாவுக்காக மூன்று மாதத்துக்கு மேல் தினமும் விடியற்காலம் ஆம்பளை வாட்ச்சைக் கட்டிக்கொண்டு பம்படியில் நின்றேன். எதிர்வீட்டு மாரித்தங்கம் பார்த்துவிட்டு, “என்ன மதினி, அண்ணனுக்குப் பதிலா நீங்க கல்லுல நிக்கப் போறீகளா?” என்று கேட்டது. கிட்டே வந்து பார்த்து, “அய்ய, என்ன மதினி இது, துணியில்லாம நிக்கி!” என்று வாயைப் பொத்திக்கொண்டது. பம்படியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடித்தேன். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கும்போது என் முகத்திலும் ஒரு பாதிதான் சிரித்திருக்கும் என்று தோன்றியது.

காக்கை வந்து உட்கார்ந்துவிட்டது. நெத்திலித் தலைகளை இலையில் ஒதுக்கி வைத்திருக்கிறேன், அத்தனை கண்ணும் என்னைப் பார்க்கின்றன. போன வியாழக்கிழமையும் இப்படித்தான். பெனிட்டா வந்து பாயை விரித்து, “அண்ணாச்சி, வலது கையால எடது கையத் தாங்கித் தூக்குவோமா, இருபது தடவ, அவ்வளவுதான்” என்று கெஞ்சுகிறது, இவர் வாட்ச்சைக் காட்டுகிறார். “தன்னால அசையுது. எதுக்கு இது?” என்கிறார். அந்தப் பெண் என்னைப் பார்க்கிறது. நான் சுவரைப் பார்க்கிறேன். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது: “அம்மா, முதல் ஆறு மாசந்தான் கைக்கு நல்ல காலம். அதுல நாலு போயிருச்சு. அவங்க இன்னிக்கிவரைக்கும் ஒரு நாள்கூட கையத் தரல. அடுத்த வாரமும் இப்படின்னா நான் வர்றதுல பிரயோஜனம் இல்லம்மா, வேற வீட்டுக்காரங்க காத்திருக்காங்க.” நல்ல பெண், கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை முதலாளி போன் பண்ணினார். நான்தான் போனை இவர் காதில் வைத்துப் பிடித்திருந்தேன். “கை வந்துருச்சு மொதலாளி. ஆடி கழிஞ்சு கல்லுக்கு வந்துருதேன், வேற ஆளப் போட்டுராதீக” என்கிறார். குழறுகிற வாய்க்கு அந்த ஒரு பேச்சு மட்டும் தெளிவாக வருகிறது. நான் பம்படியில் அடித்த தண்ணீரை எல்லாம் இவர் கையில் ஓடுகிற ரத்தம் என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். இந்தக் கையை முடக்கினது நோய் இல்லை, நான்தான் என்று அன்றைக்குத் தோன்றியது. சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் மறுபடியும் அந்தப் பாதி முகம் அழும். சரி, நான் சொல்ல வேண்டாம், அதுவே நின்று சொல்லட்டும் என்று திங்கட்கிழமை காலையில் கட்டிவிட்டதோடு அதைத் தொடாமல் விட்டேன்.

நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை இருட்டும் வரை பார்த்தேன், துடித்துக்கொண்டிருந்தது, ஆனால் மூச்சு வாங்குகிற மாதிரி. புதன்கிழமை காலையில் பார்த்தால் திடமாக ஓடுகிறது. கடைக்காரன் பொய் சொல்லியிருப்பானோ என்று முதலில் நினைத்தேன். பிறகு, நான் இவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது ஆடுகிறதோ என்று நினைத்தேன். அதனால் நேற்று இவரைக் குளிப்பாட்டவில்லை. உடம்பு துடைத்துவிடவும் இல்லை. இடது பக்கமே போகவில்லை. ஒரு வாட்ச் ஆடிவிடக் கூடாது என்று கட்டின புருஷனை அழுக்கோடு போட்டு வைத்திருக்கிறேன், சித்திரை வெயில் மாதிரி ஆனி வெயில் அடிக்கிற ஊரில். உள்ளே போனால் வாடை முகத்தில் அறைகிறது, அந்த வாடை இவருடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. மூன்றாவதாக ஒரு நினைப்பு வந்தது. அதை வரவிடாமல்தான் காலையிலிருந்து இந்த மீனைக் கிள்ளிக்கொண்டிருக்கிறேன். நிஜமாகவே கை அசைகிறதோ? நேற்று மத்தியானம் இவர் கண் மூடியிருந்தபோது அந்தக் கையின் சுண்டுவிரலைக் கிள்ளிப் பார்த்தேன். நன்றாகவே கிள்ளினேன். பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைத்த மாவு எப்படிக் கிடக்குமோ அப்படிக் கிடந்தது. கிள்ளின இடத்தில் பள்ளம் விழுந்து மெதுவாக ஏறியது. ஆனாலும் ஆசை விடவில்லை. ஆசைப்படுகிற என்னைப் பார்த்தால் எனக்கே அருவருப்பு. சின்ன வயசிலிருந்து ஆசைப்பட்டது எதுவும் வந்ததில்லை, வராது என்று இருந்தால் நிம்மதியாக இருக்கலாம், இந்தத் தோலில்லாத சனியன் வந்து மறுபடியும் என் வயிற்றில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டிருக்கிறது.

“அம்மா” என்று வாசலில் குரல் கேட்டது. பெனிட்டா வந்துவிட்டது. சாம்பலைத் தொட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு ஓடினேன். வாசம் போகவில்லை. அந்தப் பெண் உள்ளே நுழைந்ததும் ஒரு நொடி மூச்சைப் பிடித்ததைப் பார்த்துவிட்டேன். பாயை விரித்தது, இவரைத் தூக்கி உட்கார வைத்தோம். “என்ன அண்ணாச்சி, இன்னிக்காவது கையக் குடுப்பீங்களா?” என்று வாட்ச்சைச் சற்று மேலே தள்ளியது. தள்ளின கை அப்படியே நின்றது. குனிந்து பார்த்தது. மணிக்கட்டைச் சுற்றி நாலு சிவப்புத் தடம், ஒரு இடத்தில் நகம் பட்டுத் தோல் உரிந்திருந்தது. தோளைத் தொட்டதும் இவர் முகம் சுளித்தார்.

“அம்மா, இது என்ன?” என்றது.

“என்ன பாப்பா?”

“யாரோ கையப் பிடிச்சு இழுத்திருக்காங்க.” மெதுவாகத்தான் சொன்னது. இவருடைய அழுக்குச் சட்டையைப் பார்த்தது, என் கையைப் பார்த்தது. “கஷ்டந்தான், எனக்குத் தெரியும். சில நேரம் கோவம் வரும். ஆனா இப்படி இழுக்கக் கூடாதும்மா.”

நான் என் விரல்களைப் பார்த்தேன். நகத்து இடுக்கில் கருப்பாக நெத்திலிக் குடல் ஒட்டியிருந்தது. நேற்றுக் கிள்ளியது ஞாபகம் வந்தது. கிள்ளியது சுண்டுவிரலை, ஒரே ஒரு தடவை. இழுக்கவில்லையே. இழுத்தேனா? நான் செய்யக் கூடியவள்தான். செய்துவிட்டு மறந்திருப்பேனோ என்று ஒரு நிமிஷம் நானே என்னைச் சந்தேகப்பட்டு நின்றேன்.

“அவ இல்ல” என்றார் இவர்.

இரண்டு பேரும் திரும்பினோம்.

“நாந்தான்.” வலது கையால் இடது மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்தார். பிடித்து ஒரு வீசு வீசினார். கல்லுக்கு முன்னால் மாவை வீசின அதே வீச்சு. செத்த கை மேலே போய் மடியில் தொப்பென்று விழுந்தது. வாட்ச்சுக்குள் அந்தத் தகடு கிர்ரென்று சுற்றியது.

“எப்பலேருந்து அண்ணாச்சி இப்படிப் பண்றீங்க?”

“செவ்வாக்கிழம. சாயங்காலம் நிக்கப் பாத்துச்சு.” மூச்சு வாங்கிக்கொண்டார். “அவ பொறவாச பக்கம் போனா வீசுவேன். நின்னாக்க அவ அழுவா.”

யார் அழுவாள்? நானா? “அது நிக்கும்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“நீ ஆட்டலன்னா நின்னுரும்லா.” என் முகத்தைப் பார்க்கவில்லை. “வெடியக்காலம் நீ கழத்தும்போது பக்கிள் சத்தம் கேக்கும். கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பேன். திரும்பக் கட்டும்போது வாரு ஈரமா இருக்கும்.”

“என்னைக்குலேருந்து தெரியும்?”

“மொத நாள்லேருந்து.”

மூன்று மாதம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருடி மாதிரி கழற்றுகிறேன், இவர் கண்ணை மூடிக்கொண்டு பிணம் மாதிரி கிடக்கிறார். நான் கட்டுகிறேன், இவர் முழிக்கிறார், ஓடுது பாரு என்கிறார், ஆமாங்க என்கிறேன். “அப்ப மொதலாளிட்ட எதுக்கு அப்படிச் சொன்னீங்க? கை வந்துருச்சுன்னு?” என்று கத்தினேன்.

“நீ பக்கத்துல நின்னேல்லா.”

“இந்தப் பாப்பாவ எதுக்கு விரட்டுனீங்க? வாராவாரம் வந்து கெஞ்சுதே, எதுக்கு?”

வலது கைப் பெருவிரலால் வாட்ச் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அழுக்குத்தான் ஆனது. “பண்ணிப் பாத்தாத்தான வரலேன்னு தெரியும்” என்றார். “பண்ணாம இருந்தா இன்னும் தெரியல, அவ்வளவுதான்.”

அந்த வாட்ச்சைக் கழற்றி நெத்திலித் தலையோடு சேர்த்துக் காக்கைக்குப் போட வேண்டும் என்று இருந்தது. இவரையும் என்னையும்கூட. பெனிட்டா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. சிரித்துவிடப் போகிறதோ என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, முட்டி போட்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்தது.

“அண்ணாச்சி, நான் ரெண்டு மாசமா பண்ணச் சொல்றது இதத்தான். நீங்க பண்றது தப்பான பிடி. மணிக்கட்டப் பிடிச்சு வீசுனா தோள் கழண்டுரும், பாருங்க, இப்பவே வலிக்குது. இங்க, முழங்கைக்குக் கீழ தாங்கணும். மெதுவாத் தூக்கி மெதுவா எறக்கணும்.”

“வருமா?” என்று கேட்டது நான்தான்.

“தெரியாதும்மா. பண்ணாட்டி வராது, அது தெரியும்.”

“இதக் கழத்த மாட்டேன்” என்றார் இவர், சின்னப் பிள்ளை மாதிரி.

“கழத்த வேணாம், இருக்கட்டும். இருபது தடவ.”

இவர் வலது கையை இடது முழங்கைக்குக் கீழே கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தின் இரண்டு பாதியும் என்னைத்தான் பார்த்தன. “நீ பாக்காத” என்றார்.

திரும்பிக்கொண்டேன். சுவரில் காரை பெயர்ந்து எறும்பு ஊர்கிறது. முதுகுக்குப் பின்னால் மூச்சு இழுக்கிற சத்தம், எச்சிலை உறிஞ்சுகிற சத்தம், பிறகு கிர். இறக்கும்போது இன்னொரு சின்ன கிர். அதை நான் எண்ணவில்லை, ஏறும்போது வருவதை மட்டும் எண்ணினேன். நாலு. ஐந்து. மீன் கை முகத்துக்குப் பக்கத்தில் நாறுகிறது, பாயிலிருந்து இவர் நாறுகிறார், இன்றைக்குக் குளிப்பாட்டியே ஆக வேண்டும். பதினொன்று. பன்னிரண்டில் ஒரு முனகல். பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவில் இவ்வளவு நேரமா? பதினெட்டு. பத்தொன்பது. அப்புறம் சத்தமே இல்லை. மூச்சு மட்டும் வாங்குகிறது. “போதும்லா” என்று யாரிடமோ கேட்கிறார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றேன், சுவரைப் பார்த்துக்கொண்டே.